வைக்கோலிலிருந்து எரிவாயு



காளையார்கோவில் பக்கத்து ஊர்களில் சில வீடுகளின் பின்கட்டில் பழைய சாண எரிவாயுக் கலன் இன்னும் கிடக்கிறது. தொட்டி நன்றாகத்தான் இருக்கிறது. காலியாகிப் போனது தொழுவம். உழவுக்கு டிராக்டர் வந்தது, அறுவடைக்கு மிஷின் வந்தது, நாலு மாடு கட்டியிருந்த இடத்தில் இன்றைக்கு ஒன்றோ இரண்டோ நிற்கிறது. இரண்டு கனமீட்டர் கலனுக்குத் தினமும் 50 கிலோ சாணம் வேண்டும். ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு அதற்கு எங்கே போவது?

அதனால்தான் இப்போது அடிக்கடி ஒரு கேள்வி கேட்கிறீர்கள். "சாணத்துக்குப் பதிலாக வைக்கோல், தழை, ஆகாயத்தாமரை இதையெல்லாம் போட்டுக் கேஸ் எடுக்கலாமா? என்சைம் என்று ஒன்று டப்பாவில் விற்கிறார்களாமே, அதை ஊற்றினால் வைக்கோல் கேஸாக மாறிவிடுமா?"

'ஆகும்', 'ஆகாது' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இந்தக் கேள்வியை இருநூறு வருஷமாகப் பல ஊர்க்காரர்கள் துண்டு துண்டாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். அந்தக் கதை தெரிந்துவிட்டால், டப்பாவுக்குப் பணம் கொடுக்கலாமா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

முதலில் மாட்டைப் பார்ப்போம். மாடு வைக்கோல் தின்கிறது. அதற்கு வைக்கோலைச் செரிக்கத் தெரியுமா? தெரியாது! நமக்கும் தெரியாது, மாட்டுக்கும் தெரியாது. மாட்டின் முதல் வயிறு இருக்கிறதே, பெரிய மாட்டுக்கு அது நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் ஒரு தொட்டி. அந்தத் தொட்டியில் கோடி கோடியாய்க் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் வைக்கோலைக் கரைத்துக் கொடுக்கின்றன. அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஹங்கேட் 1940களிலிருந்து இந்த நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார். அங்கே பாக்டீரியாவும் புரோட்டோசோவாவும் மட்டும்தான் வேலை செய்கின்றன என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். காற்றே இல்லாத இடத்தில் வாழும் பூஞ்சாணமும் அங்கே இருக்கிறது என்று 1975ல் இங்கிலாந்தில் காலின் ஆர்பின் என்பவர் ஆட்டின் வயிற்றிலிருந்து எடுத்துக் காட்டினார்.

ஆக, மாடு என்பதே நடமாடும் ஒரு எரிவாயுக் கலன்தான். படுத்து அசைபோடுவது வைக்கோலை அரைக்கும் வேலை. வயிறு கதகதப்பான தொட்டி. விடும் ஏப்பத்தில் மீத்தேன் வாயு. நமக்குக் கிடைக்கும் சாணம் அந்தக் கலனிலிருந்து வெளியே வரும் கழிவு. எளிதாகக் கரையக்கூடியதை மாடே எடுத்துக்கொண்டு விடுகிறது. அப்படியும் சாணம் ஏன் வாயுவுக்கு ஏற்றதாக இருக்கிறது என்றால், அது அரைபட்டு, ஊறி, நுண்ணுயிர்களையும் கூடவே கொண்டு வருகிறது. வைக்கோலுக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

இப்போது நொதிக்கு வருவோம். என்சைம் என்பதைத்தான் தமிழில் நொதி என்கிறோம். இது உங்கள் வீட்டு அடுப்படியிலேயே இருக்கும் சங்கதி. சாதாரணக் கேழ்வரகு மாவில் கூழ் காய்ச்சினால் கெட்டியாக வரும். முளைகட்டிக் காயவைத்து அரைத்த மாவில் காய்ச்சினால் அதே அளவு மாவு நீர்த்துப் போகும், லேசாக இனிக்கும். ஏன்? முளைவிடும்போது தானியம் ஒரு நொதியை உண்டாக்குகிறது. அது மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்குகிறது. இந்த நொதியை முளைகட்டிய பார்லியிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர்கள் பிரான்சு தேசத்து ஆன்செல்ம் பேயனும் பெர்சோவும். வருஷம் 1833. அதே பேயன் 1838ல் இன்னொன்றும் கண்டார். மரம், பஞ்சு, தழை எல்லாவற்றிலும் நாராக நிற்பது ஒரே பொருள்தான் என்றார். அதற்குத்தான் செல்லுலோஸ் என்று பேர்.

வேடிக்கை என்னவென்றால், மாவுச்சத்தும் செல்லுலோஸும் ஒரே சர்க்கரையால் ஆன சங்கிலிகள். கோத்த முடிச்சு மட்டும்தான் வேறு. மாவுச்சத்தின் முடிச்சை நம் எச்சிலே அவிழ்த்துவிடும். செல்லுலோஸின் முடிச்சை அவிழ்க்க வேறு நொதி வேண்டும். வைக்கோல் முழுக்கச் சர்க்கரைதான், ஆனால் பூட்டு போட்ட சர்க்கரை. பூட்டின் மேல் சிமெண்டு பூசியதுபோல லிக்னின் என்ற பொருளும் படிந்திருக்கிறது. போதாக்குறைக்கு நெல் வைக்கோலில் மணற்சத்து வேறு.

நொதி என்பது உயிரா, வெறும் சரக்கா என்று அந்தக் காலத்தில் பெரிய சண்டை நடந்தது. ஜெர்மனியில் எடுவார்ட் புக்னர் ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்துப் பிழிந்து சாறெடுத்தார். உயிருள்ள ஈஸ்ட் ஒன்றுகூட இல்லாத அந்தச் சாறும் சர்க்கரையைப் புளிக்க வைத்தது. 1897ல் நடந்த இந்தச் சோதனைக்காக 1907ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். உயிர் இல்லாமலே நொதி வேலை செய்யும், ஆகவே அதைப் பிழிந்து பாட்டிலில் அடைக்கலாம் என்ற எண்ணத்துக்கு இதுதான் பிள்ளையார் சுழி. அதே 1897ல் நம் தேசத்தில், பம்பாய் மாதுங்கா தொழுநோயாளர் இல்லத்தில், கழிவுத் தொட்டியிலிருந்து வந்த வாயுவைச் சேர்த்துப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். இரண்டு வேலையும் ஒரே வருஷத்தில் நடந்திருந்தாலும் இவருக்கு அவரைத் தெரியாது.

அப்புறம் நம்மவர்கள் கைக்கு விஷயம் வருகிறது. 1920ல் பெங்களூர் இந்திய அறிவியல் நிலையத்தில் கில்பர்ட் பவுலர் என்ற வெள்ளைக்காரப் பேராசிரியரும் ஜோஷி என்பவரும் செல்லுலோஸ் எப்படிப் புளித்து வாயுவாகிறது என்று ஆராய்ந்து எழுதினார்கள். அடுத்து வந்தவர் சி. என். ஆச்சார்யா. நம் கதைக்கு இவர்தான் முக்கியமானவர். உரக்குழியில் குப்பையும் கழிவும் அடுக்கடுக்காகப் போட்டு மூடுகிற 'பெங்களூர் முறை' கம்போஸ்ட் உங்களில் பலருக்குத் தெரியும். 1939ல் அதை வகுத்துக் கொடுத்தவர் இவரே. அதற்கு முன்னால் இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தபோது, நெல் வைக்கோலைக் காற்றுப் புகாமல் மூடி வைத்து, அது எப்படி மட்குகிறது என்று பார்த்தார். 1935ல் அந்த ஆராய்ச்சியை வெளியிட்டார். வைக்கோல் நேராக வாயுவாவதில்லை, முதலில் அமிலமாகிறது, பிறகே வாயுவாகிறது என்பது அதில் தெரிந்தது. அமிலம் சேருகிற வேகத்துக்கு வாயுவாக்கும் பாக்டீரியா ஈடுகொடுக்காவிட்டால் தொட்டி புளித்துப்போய் நின்றுவிடும். பச்சைத் தழையை ஒரேயடியாகக் கொட்டிக் கலனைக் கெடுத்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

ஆக, இந்தியாவில் வைக்கோல் வாயு ஆராய்ச்சி இன்று நேற்று வந்ததல்ல. பிறகு ஏன் நமக்கெல்லாம் சாணக் கலன் மட்டும் வந்தது? 1930களின் கடைசியில் டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். வி. தேசாய் சாணத்தில் வாயு எடுத்துப் பார்த்தார். 1950களில் ஜஷ்பாய் படேல் மிதக்கும் இரும்பு மூடி போட்ட கலனை உருவாக்கினார். 1960களின் தொடக்கத்தில் கதர் கிராமத் தொழில் கமிஷன் அதைக் கையில் எடுத்தது. அன்றைக்கு வீடு நிறைய மாடு இருந்தது. சாணத்தை எருவாட்டி தட்டி எரித்துக்கொண்டிருந்தோம். சாணத்திலிருந்து வாயுவும் வேண்டும், எருவும் போகக்கூடாது என்பதுதான் அப்போதைய தேவை. வைக்கோலோ மாட்டுத் தீனி. அதை யார் தொட்டிக்குள் போடுவார்கள்?

இன்னொரு காரணமும் உண்டு. வைக்கோல் தண்ணீரில் மிதக்கும். கலனுக்குள் போட்டால் மேலே போய் ஆடை கட்டிக்கொள்ளும். அந்த ஆடை காய்ந்து கெட்டிப்பட்டால் வாயு அடியிலேயே தங்கிவிடும். இரும்பு மூடிக் கலன் என்றால் மூடியைச் சுற்றிவிட்டு உடைக்கலாம். 1984ல் வந்த தீனபந்து மாதிரி செங்கல் கூரைக் கலனில் அதுவும் முடியாது. இந்த மிதக்கிற தொல்லைக்கு வழி தேடித்தான், பெங்களூர் அறிவியல் நிலையத்தில் 1974ல் தொடங்கிய 'அஸ்த்ரா' என்ற கிராமத் தொழில்நுட்பப் பிரிவினர் இலை தழைக்கென்றே தனிக் கலன் செய்து பார்த்தார்கள். நீளமான தொட்டி. ஒரு பக்கம் போடும் தழை, முன்னால் போட்டதைத் தள்ளிக்கொண்டே மறுபக்கம் போகும். யோசனை நல்ல யோசனைதான், ஆனால் ஊர் ஊராகப் பரவவில்லை.

இனி, நொதி எப்படிக் கடைச் சரக்காயிற்று என்று பார்ப்போம். அது பிறந்தது விவசாயத்தில் இல்லை, யுத்தத்தில். இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்கப் பட்டாளம் பசிபிக் சமுத்திரத் தீவுகளில் சண்டை போட்டது. மழையும் வெக்கையுமான இடங்கள். பருத்தித் துணியில் தைத்த கூடாரமும் உடுப்பும் பையும் சீக்கிரத்திலேயே இற்று விழுந்தன. எதிரி சுட்டுக் கிழிந்ததைவிடப் பூஞ்சாணம் தின்று கிழிந்தது அதிகமோ என்னவோ! இற்ற துணியை எல்லாம் சேகரித்து ஆராய்ந்தார்கள். சாலமன் தீவுகளில் பூகன்வில் என்ற தீவிலிருந்து வந்த துணியில் ஒரு பச்சைப் பூஞ்சாணம் கிடைத்தது. செல்லுலோஸை வெட்டும் நொதியை அது தாராளமாகக் கக்கியது. பருத்தி முழுக்கச் செல்லுலோஸ்தானே, அதனால்தான் கூடாரம் இற்றுப்போனது.

அந்தப் பூஞ்சாணம் எந்த இனம் தெரியுமா? டிரைக்கோடெர்மா! வேளாண் விரிவாக்க மையத்தில் விதை நேர்த்திக்கு வாங்குகிறீர்களே, கிலோ விதைக்கு 4 கிராம் என்று, அதே டிரைக்கோடெர்மா விரிடி என்றுதான் முதலில் அதற்கும் பேர் வைத்திருந்தார்கள். பிறகு வேறு வகை என்று கண்டு, வாழ்நாளெல்லாம் அதை ஆராய்ந்த எல்வின் ரீஸ் பேரால் 1977ல் டிரைக்கோடெர்மா ரீசி என்று மாற்றினார்கள். உங்கள் பொட்டலத்தில் இருப்பது அதன் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துணியைக் காப்பாற்றத் தேடியவர்கள், 1973ல் பெட்ரோல் விலை ஏறியதும் கதையைத் திருப்பினார்கள். துணியை அழிக்கிற பூஞ்சாணம் குப்பையையும் வைக்கோலையும் சர்க்கரையாக்கித் தருமே என்று நினைத்தார்கள். ரீஸோடு வேலை பார்த்த மேரி மேண்டல்ஸ் அம்மையாரும் மற்றவர்களும் அந்தப் பூஞ்சாணத்தின் வீரிய ரகங்களை உருவாக்கினார்கள். இன்றைக்குச் சலவைத்தூளில், ஜீன்ஸ் துணியை வெளுக்க வைப்பதில், எல்லாம் இந்த வகை நொதிதான். டப்பாவில் வருவதும் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான்.

சரி, இதைக் கலனில் ஊற்றிப் பார்த்தவர்கள் உண்டா? உண்டு. ஜெர்மனியில் 2004ல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. பயிரை வளர்த்து வாயு எடுத்து மின்சாரம் செய்தால் கூடுதல் விலை என்றார்கள். விவசாயிகள் மக்காச்சோளத்தை வளர்த்துப் பதப்படுத்தித் தொட்டிகளில் போட்டார்கள். நார் அதிகமாகித் தொட்டிக்குள் குழம்பு கெட்டிப்பட்டுக் கலக்கவே முடியவில்லை. அப்போது நொதி வியாபாரிகள் வந்தார்கள். ஊற்றிப் பார்த்ததில் குழம்பு இளகியது, கலக்கும் மோட்டாருக்குக் கரண்ட் மிச்சமானது. ஆனால் வாயு கூடியதா என்றால், சில இடத்தில் கொஞ்சம் கூடியது, பல இடத்தில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை.

காரணம் எளிது. நொதி என்பது புரதம். கலனுக்குள் இருக்கும் பாக்டீரியாவுக்கு அது ஒரு தீனி. ஊற்றிய ஒன்றிரண்டு நாளில் தின்று தீர்த்துவிடும். வைக்கோல் கரைய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை நொதி அங்கே இருந்தால்தானே வேலை செய்யும்? போதாததற்கு லிக்னின் பூச்சை இந்த நொதியால் ஒன்றும் செய்ய முடியாது. பூட்டுக்குச் சாவி வாங்கி வந்தோம், பூட்டின் மேல் சிமெண்டு அப்படியே இருக்கிறது, சாவியையும் எலி தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அப்படியானால் நொதியே வீணா? இல்லை. எந்த இடத்தில் போடுகிறோம் என்பதில் இருக்கிறது. அரியானா மாநிலம் பானிபட்டில் இந்தியன் ஆயில் கம்பெனி வைக்கோலிலிருந்து எத்தனால் செய்யும் ஆலையை 2022 ஆகஸ்டில் திறந்தது. வருஷத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது திட்டம். அங்கே வைக்கோலை முதலில் நீராவியில் வேக வைத்து இளக்குகிறார்கள். அதற்குப் பிறகே நொதியைச் சேர்க்கிறார்கள். அதாவது சிமெண்டைத் தட்டிவிட்டுச் சாவியைப் போடுகிறார்கள். அதே 2022 அக்டோபரில் பஞ்சாப் சங்ரூர் மாவட்டம் லெஹ்ராகாகாவில் ஒரு ஜெர்மன் கம்பெனி வைக்கோல் எரிவாயு ஆலை திறந்தது. ஒவ்வொன்றும் 10,000 கனமீட்டர் கொள்ளும் 8 தொட்டிகள், தினம் 300 டன் வைக்கோல், 33 டன் வாயு என்று திட்டம். வயலில் வைக்கோலைக் கொளுத்துகிற ஊருக்கு அது சரி. நம்ம பக்கம் மானாவாரியும் கண்மாய்ப் பாசனமும். ஒரு போகம் விளைந்து தையில் அறுத்துப் படப்பு போட்டால், அடுத்த மழை வரை மாட்டுக்கு அதுதான் சோறு. மாடு தின்னும் வைக்கோலைக் கலனில் போடச் சொல்ல எனக்கு மனம் இல்லை, நீங்களும் போடாதீர்கள்.

மாடு தின்னாதது நிறைய இருக்கிறது. மழையில் நனைந்து கறுத்த படப்பின் அடிவைக்கோல், தொழுவத்தில் மிதிபட்ட கழிவு, கண்மாயில் மண்டும் ஆகாயத்தாமரை. கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ பச்சைச் சாணத்தில் சுமார் 40 லிட்டர் வாயு வரும். ஒரு கிலோ உலர்ந்த வைக்கோல் நன்றாகக் கரைந்தால் 200 லிட்டர் வரை எதிர்பார்க்கலாம். ஐந்து கிலோ சாணத்துக்கு ஒரு கிலோ வைக்கோல் ஈடு. இரண்டு மாட்டுச் சாணம் 25 கிலோவோடு ஒன்றிரண்டு கிலோ கெட்டுப்போன வைக்கோல் சேர்ந்தால், ஆயிரம் லிட்டர் வாயுவோடு இன்னும் 200 முதல் 400 லிட்டர் வரை கூடலாம்.

ஆனால் கரைய வேண்டுமே! அதற்கு நொதியை வாங்க வேண்டாம், உண்டாக்கலாம். கலனின் வெளிவாயிலில் வழிகிறதே குழம்பு, அதில் வைக்கோலைக் கரைத்துப் பழகிய நுண்ணுயிர்கள் உயிரோடு இருக்கின்றன. வைக்கோலை இரண்டு விரல் நீளத்துக்கு நறுக்கி, ஒரு பழைய டிரம்மில் அந்தக் குழம்பை ஊற்றி, மேலே கல் வைத்து அமுக்கி, நாலைந்து நாள் ஊறவிடுங்கள். கோமியம் கிடைத்தால் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம், ஏன்னா வைக்கோலில் தழைச்சத்து குறைவு. ஊறிய வைக்கோல் நீர் குடித்துக் கனத்துவிடும், அவ்வளவாக மிதக்காது. பிறகு சாணத்தோடு பிசைந்து கலனில் விடலாம். பாட்டில் நொதி இரண்டு நாளில் தீரும். இந்த நுண்ணுயிரோ இருக்கும்வரை நொதியைச் சுரந்துகொண்டே இருக்கும்.

டிரைக்கோடெர்மாப் பொடியைக் கலனுக்குள் கொட்டலாமா என்றும் சிலர் கேட்கிறீர்கள். வேண்டாம். அது காற்றில் வாழும் பூஞ்சாணம், காற்றில்லாத கலனுக்குள் அதனால் வேலை செய்ய முடியாது. தூவ வேண்டுமானால் வெளியில், நிழலில், ஈர வைக்கோல் மேல் தூவுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் போட்டு வைக்காதீர்கள். குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள், சுடும். அந்தச் சூடு உங்கள் அடுப்புக்கு வரவேண்டிய வாயு. அதிக நாள் விட்டால் நல்ல கம்போஸ்ட் கிடைக்கும், கேஸ் கிடைக்காது.

லிக்னின் பூச்சை உரிக்கும் வேலையை மனமாரச் செய்வது சிப்பிக் காளான். சிப்பிக் காளான் வளர்க்கும் சகோதரிகள் யாராவது உங்கள் ஊரில் இருந்தால், காளான் எடுத்து முடித்த வைக்கோலை எறியாமல் கேட்டு வாங்குங்கள். டெல்லி ஐ.ஐ.டி.யில் 1980களிலேயே அந்த வைக்கோலில் வாயு எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தொட்டால் பொடிப்பொடியாக உதிரும், நறுக்கக்கூட வேண்டாம். பாலிதீன் பையை மட்டும் நீக்கிவிடுங்கள்.

எதைச் சேர்த்தாலும் முதல் பத்து நாள் அரைக் கிலோவுக்கு மேல் போகாதீர்கள். நெருப்பு சரியாகப் பிடிக்காமல், வெளிவரும் குழம்பு புளித்த வாடை அடித்தால், ஆச்சார்யா அன்றைக்குச் சொன்ன அமிலம் சேருகிறது என்று அர்த்தம். வைக்கோலை நிறுத்திவிட்டுச் சாணம் மட்டும் கொஞ்சமாகப் போட்டு வாருங்கள், தெளிந்துவிடும்.

டப்பாவோடு ஒருவர் வந்தால், வைக்கோலில் போட்டபின் எத்தனை நாள் இது வேலை செய்யும் என்று கேளுங்கள். கலனுக்குள் ஊற்றச் சொல்கிறாரா, வெளியே ஊறலில் ஊற்றச் சொல்கிறாரா என்றும் கேளுங்கள். வெளியே என்று சொன்னால் மேற்கொண்டு பேசலாம். அப்போதும் ஒரு டிரம்மில் மருந்து போட்டு, இன்னொன்றில் வெறும் கலன் குழம்பை ஊற்றி, ஐந்தாம் நாள் இரண்டையும் பிசைந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.